தினமும் நாலு கிலோமீட்டர் ஆபீஸ் போக கியர் சைக்கிள் தேவையா?

வீட்டிலிருந்து ஆபீஸ் 4 கி.மீ., முழுக்க ஊருக்குள்தான், பட்ஜெட் 15 ஆயிரம், கடையில் 21 கியர், டிஸ்க் பிரேக், சஸ்பென்ஷன் வைத்த சைக்கிளைக் காட்டுகிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். கியர் இல்லாத சாதா சைக்கிள் போதும். ஆனால் மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்ட் நான்கும் அதில் இருக்க வேண்டும். மிச்சப் பணத்தில் நல்ல பூட்டும் பின்னால் ஒரு சிவப்பு லைட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் மதுரை. செல்லூரில் வீடு, வைகையைத் தாண்டி மாசி வீதிப் பக்கம் வேலை, பல வருஷமாகச் சைக்கிள்தான். இப்போதைய சைக்கிளை வாங்கப் போன கதையைச் சொன்னால் உங்களுக்கே புரியும். முதலில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். ஓட்டப் போவது நான், அங்கே இருந்த பையன் பேசியதெல்லாம் என் வீட்டுக்காரரிடம். "சார், மேடம் வெயிட் குறைக்கிறதுக்கா?" வேலைக்குப் போகத் தம்பி என்று நான் சொன்ன பிறகும் கியர் சைக்கிளைத்தான் தள்ளிக்கொண்டு வந்தான். கேரியர் எங்கே என்றேன். "இந்த மாடலுக்கு வராது மேடம்." மட்கார்டு? "எக்ஸ்ட்ரா." செயின் கவர்? அவன் சிரித்தான். சுடிதார் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பையோடு, ஐப்பசி மழையில் போகிறவளுக்கு இந்த மூன்றும் இல்லாத வண்டி எதற்கு? ஆம்பளைகளுக்கும் இதேதான், பேன்ட் நுனி செயினில் சிக்கினால் கிரீஸ் கறை போகவே போகாது, மட்கார்டு இல்லாவிட்டால் சட்டை முதுகில் சேற்றுக் கோடு.

அப்புறம் சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய கடைக்குப் போனேன். ஃபிரேம், ரிம், டயர் என்று தனித்தனியாகத் தொங்கவிட்டிருப்பார்கள், கேட்டால் கண் முன்னாலேயே பூட்டித் தருவார்கள். அங்கிருந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வியே, "எங்கிட்டு ஓட்டப் போற தாயி?" ஆபீசுக்கு என்றதும், பாலம் ஏறி இறங்குவேனா, கேரியரில் எவ்வளவு வைப்பேன் என்று அடுத்தடுத்துக் கேட்டார். வீலைச் சுற்றிவிட்டு, கட்டை விரல் நகத்தை ரிம்முக்கு ஒட்டினாற்போல் பிடித்து, எங்கே உரசுகிறதோ அந்த இடத்துக் கம்பியை மட்டும் ஒரு சின்னத் திருகு திருகுவார். மறுபடி சுற்றுவார். நகத்தில் எங்கேயும் உரசாமல் சுற்றும்வரை விடவில்லை. புது வண்டிக்குக் கோட்டம் எடுப்பது என்றால் இதுதான். நீங்கள் எந்தக் கடையில் எந்த வண்டி வாங்கினாலும் வீலைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் கோட்டம் எடுத்துத் தரச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

என் வண்டி சீட்டுக்கு முன்னால் குறுக்குப் பார் இல்லாத, லேடீஸ் சைக்கிள் என்று சொல்லப்படும் ரகம். நீங்கள் ஆணாக இருந்தாலும் அதையே வாங்கலாம் என்பேன். கேரியரில் மூட்டை இருக்கும்போது காலைத் தூக்கிப் பின்னால் வீசி ஏற முடியாது, சிக்னலுக்குச் சிக்னல் இறங்கி ஏறவும் இதுதான் சுலபம்.

கியர் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பின் சக்கரத்தின் வலது பக்கம் தொங்குகிறதே, செயினை மாற்றிப்போடும் அந்தக் கருவி, அது நம் ஊர் ஸ்டாண்டுகளுக்கு ஆகாது. வரிசையாக நிற்கும் பைக்கில் ஒன்று சாய்ந்து உங்கள் சைக்கிளும் வலது பக்கமாக விழுந்தால் அது வளைந்துவிடும், அப்புறம் செயின் தானாகத் தாவிக்கொண்டே இருக்கும், தெருமுனைப் பஞ்சர் கடையில் அதைச் சரிசெய்ய ஆள் இருக்காது. டிஸ்க் பிரேக்கும் அப்படித்தான். சாதா பிரேக் கட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும், டிஸ்க்குக்கான பேட் கிடைக்காது. விலை குறைந்த சைக்கிளில் வரும் சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும், ஸ்பிரிங் வைத்த கவை) மட்டுமே 2 கிலோவுக்கு மேல் இருக்கும், நீங்கள் எழுந்து நின்று மிதிக்கும்போது உங்கள் பலத்தில் கொஞ்சத்தை அது அமுங்கியே தின்றுவிடும்.

கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் உடனே சண்டைக்கு வராதீர்கள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் கியர் இல்லாமல் முடியாது, போக வர முப்பது கிலோமீட்டர் என்றாலும் வேண்டும். இவர் கேட்டிருப்பது 4 கி.மீ., ஊருக்குள். மதுரை, திருச்சி, சென்னை மாதிரி ஊர்களில் பெரும்பாலும் மேடு என்று வருவது பாலம்தான். அதற்கும் வழி இருக்கிறது. பின் சக்கரத்து ஃப்ரீவீலில், அதாவது செயின் சுற்றுகிற பல் சக்கரத்தில், எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள், சாதா சைக்கிளில் அநேகமாக 18 இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 20 பல் அல்லது 22 பல் போடச் சொல்லுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், பாலம் ஏறுவது லேசாகிவிடும். என் வண்டியில் 20 பல், கேரியரில் அரிசிப் பையோடு இறங்காமல் ஏறுகிறேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். "ஸ்கூட்டி வாங்க வசதியில்லையா?" என்று உங்களையும் கேட்பார்கள். போன தீபாவளிக்கு ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனபோது சைக்கிளைப் பார்க்கிங்கில் விடவே மாட்டேன் என்றார் காவலாளி. பைக்குக்கும் காருக்கும் மட்டும்தானாம். அவரைக் குறை சொல்லவில்லை, மேலிடத்து உத்தரவு. ஆனால் உள்ளே போய்க் கொடுக்கப்போவது அதே பணம்தானே? ரோட்டில் நிறுத்திவிட்டு எப்படி நிம்மதியாகப் புடவை எடுப்பது? திரும்பி வந்துவிட்டேன், அன்றிலிருந்து அந்தக் கடைப் பக்கம் போவதில்லை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்கிற மாநிலத்தில், அதே பிள்ளை வேலைக்குப் போனதும் சைக்கிளில் வந்தால் நிறுத்த இடமில்லை என்பது எனக்கு ஆறவே ஆறாது.

சரி, வாங்கும்போது இரண்டு விஷயம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் சரியான சீட் உயரம். முட்டி மடங்கியே இருந்தால் கொஞ்ச நாளில் முட்டி வலிக்கும். பில்லையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. பழைய விலையையே சொன்னால் கேட்டுக் குறைத்து வாங்குங்கள்.