லண்டன் பயணமும் ஏற்காட்டு மரக்கன்றும்

கேள்வி: மகளைப் பார்க்க லண்டன் போகிறோம். விமானப் புகைக்கு ஈடாக ஏற்காட்டில் மரக்கன்று நட்டால் போதுமா?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: நடுங்கள், ஆனால் கணக்கு நேராகாது அம்மா. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். லண்டன் போய்வர ஒருவர் பங்கு ஒரு டன்னுக்கு மேல். வளர்ந்த மரமே ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கிலோதான் உறிஞ்சும்; கன்று அந்த நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். நடுவில் காய்ந்தாலோ வெட்டினாலோ அதுவும் இல்லை.

டிக்கெட் எடுக்கும்போதே மிச்சம் பிடிப்பதுதான் பலன். சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் சுமார் ஐந்து மணி நேரம். அங்கிருந்து நேரடி விமானம். வழியில் இறங்கி மாறினால் சுற்றுத் தூரம் கூடும், விமானம் மேலேறச் செலவாகும் எரிபொருளும் இரண்டு முறை. சாதாரண வகுப்பே எடுங்கள்: படுக்கை இருக்கை மூவர் இடத்தை அடைக்கும், புகைப் பங்கும் அதே அளவு. பெட்டியில் 10 கிலோ குறைத்தால் மிஞ்சுவது சுமார் 3 கிலோ எரிபொருள்தான். மகளுக்கான ஊறுகாயை விட்டுவிட வேண்டாம்! இரண்டு முறை போவதற்குப் பதில் ஒரே முறை போய் இரண்டு மாதம் தங்குங்கள், பாதி குறையும்.