கொம்பு நீட்டும் கறிவேப்பிலைப் புழு

கேள்வி: மாடித் தொட்டியில் ஆளுயரத்துக்குக் கறிவேப்பிலை வளர்ந்திருக்கிறது. இலையில் காக்கா எச்சம் போல இருந்தது, பார்த்தால் புழு! இப்போது பச்சையாகிக் கொழுந்தை மொட்டையடிக்கிறது. தொட்டால் சிவப்பாகக் கொம்பு நீட்டுகிறது. பேரன் கையில் எடுக்கிறான். மருந்து அடிக்கட்டுமா ஐயா?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: வேண்டாம்மா. அது கடிக்காது, அரிக்கவும் செய்யாது. அந்தக் கொம்பு, தலைக்குப் பின்னாலிருந்து பிதுங்கும் சதை. எறும்பு, குளவியை விரட்ட நாற்றம் விடும், அவ்வளவுதான். பேரன் கையைக் கழுவினால் போதும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் காமன் மார்மன் என்ற கறுப்புப் பட்டாம்பூச்சியின் புழு. கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம், ஆரஞ்சு எல்லாம் ஒரே குடும்பம். அதனால்தான் ஏற்காட்டில் எங்கள் ஆரஞ்சு நாற்றுகளுக்கும் இது வரும். முழங்கால் உயர நாற்றில் விட்டுவைத்தால் குச்சிதான் மிஞ்சும். பொறுக்கி எடுத்துப் பெரிய மரத்தில் விட்டுவிடுவேன். ஆளுயரச் செடி என்றால் தாங்கும், திரும்பத் துளிர்த்துவிடும். ரசத்துக்குக் கிள்ளுகிற இலையில் மருந்தடிப்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது.

புழு திடீரென்று காணாமல் போனால் தொட்டி ஓரம், சுவர், குச்சி எல்லாம் தேடுங்கள். வால் நுனியை ஒட்டி, இடுப்பில் ஒரு நூல் கட்டிச் சாய்ந்து தொங்கும். பச்சைத் தண்டில் என்றால் கூடு பெரும்பாலும் பச்சை, காய்ந்த குச்சியில் என்றால் பழுப்பு.

வெளியே வருவது ஆண் என்றால் பின்னிறக்கையில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். பெண்தான் பலே ஆள்! சிலது ஆணைப் போலவே இருக்கும், சிலது சிவப்புத் திட்டுகளோடு கிரிம்சன் ரோஸ் என்ற வேறொரு பட்டாம்பூச்சியின் வேஷம் போடும். கிரிம்சன் ரோஸ், புழுவாக இருக்கும்போது ஆடுதீண்டாப்பாளை தின்று உடம்பில் நஞ்சை ஏற்றிக்கொள்வது. பறவைகள் ஒதுங்கிப் போகும். நம்முடையது கறிவேப்பிலை தின்றே அந்த மரியாதையை வாங்கிக்கொள்கிறது. ஆனால் உடம்பைப் பாருங்கள்: அசலுக்குச் சிவப்பு, இதற்குக் கறுப்பு.

கேள்வி: வரப்பில் ஆடுதீண்டாப்பாளை கிடைக்கிறது. மாடியில் வைக்கலாமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: தாராளமாக வையுங்கள், கிரிம்சன் ரோஸ் தேடி வரும். ஆனால் நாட்டு மருந்து என்று யாராவது கஷாயம் போடச் சொன்னால் கேட்காதீர்கள். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும்.