எஃப், ஏ, இசட், ஈ என்று எழுதப்படும் 'ஃபேஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? எப்படிப் பயன்படுத்துவது?

இந்தச் சொல்லால் ஒருமுறை அசடு வழிந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. மீட்டிங் குறிப்பு எழுதும் வேலை என் தலையில். இந்தத் தாமதமெல்லாம் எங்களை 'ஃபேஸ்' பண்ணவில்லை என்றார் வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர். நான் நமக்குத் தெரிந்த த்ரீ ஃபேஸ் கரண்ட்டின் ஃபேஸை எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். மேலாளர் அந்த வரியைச் சிவப்பில் காட்டி, "எந்த லைன்ல கரண்ட் போச்சு?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான், கடைசியில் இசட் ஒலி. முகத்தைக் குறிக்கும் ஃபேஸ்தான் வெறும் 'ஸ்'ஸில் முடியும். நம் வாயில் மூன்றும் ஒன்றாகிவிடுவது வேறு கதை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களும் இதைத் தப்பாக எழுதுகிறார்கள் என்பது எனக்குப் பிறகு கிடைத்த ஆறுதல்.

பொருள் என்று பார்த்தால், ஒருவரைக் கலங்கடிப்பது, தடுமாற வைப்பது. விரட்டுவது என்ற பொருளுடைய ஒரு பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. இப்போதைய எழுத்துக்கூட்டல் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வழக்குக்கு வந்தது.

ஆனால் அகராதிப் பொருளை விட முக்கியமானது ஒன்று உண்டு. இந்தச் சொல் பெரும்பாலும் 'இல்லை'யோடுதான் வரும். எதுவும் அவரை ஃபேஸ் பண்ணாது, அவர் 'அன்ஃபேஸ்ட்' ஆக இருந்தார், இப்படி. தமிழில் 'சளைத்தவன் இல்லை', 'சளைக்காமல் உழைத்தான்' என்கிறோம். 'அவன் நேற்று சளைத்தான்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அதே கதைதான். 2011 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் 275 ரன் இலக்கு, 114-க்கு மூன்று விக்கெட் போன நேரத்தில் தோனி இறங்கி, கடைசிவரை ஆட்டமிழக்காமல் 91 ரன் அடித்தாரே, அந்த முகத்துக்குத்தான் 'அன்ஃபேஸ்ட்'. தமிழில் 'அசரவே இல்லை' என்று போட்டால் கச்சிதம்.

சரி, நிஜமாகவே ஆடிப்போன இடத்தில் என்ன சொல்வது? அங்கே 'ராட்டில்', 'அன்நெர்வ்' போன்றவை இயல்பாக உட்காரும். மேலாளரின் மெயிலைப் பார்த்ததும் நான் ஆனது 'ராட்டில்ட்'. 'அன்ஃபேஸ்ட்' ஆக இருக்க அப்போது எனக்கு சர்வீஸ் பத்தாது.