பாகு பதத்துக்குப் போகக் கூடாது: ஓட்ஸ் உலர்பழ வில்லை பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஓட்ஸும் உலர்திராட்சையும் சேர்த்துச் சுட்ட ஒரு வில்லையைச் சாப்பிட்டேன். மைதாவோ முட்டையோ சேர்க்கவில்லை என்று மகள் சொன்னாள். நம் வீட்டு ஓடிஜி அடுப்பில் அதைச் செய்ய முடியுமா? எனக்கு கேக் ஒருமுறைகூடச் சரியாக வந்ததில்லை.
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தாராளமாக முடியும். கேக் வராதவர்கள் முதலில் செய்து பழக வேண்டிய பண்டமே இதுதான் என்பேன். கேக்கில் மாவு உப்ப வேண்டும், நடுவில் அமுங்காமல் இருக்க வேண்டும் என்று பல கவலைகள் உண்டு. இதில் உப்ப வேண்டியது எதுவுமே இல்லை. பிரிட்டனில் இதை ஃப்ளாப்ஜாக் என்பார்கள். அமெரிக்காவில் அதே பெயர் தோசைபோல் வார்க்கும் பேன்கேக்கைக் குறிக்கும் என்பதால், அந்தப் பெயரை வைத்துச் செய்முறை தேடுகிறவர்கள் எந்த நாட்டுக் குறிப்பு என்று பார்த்துக்கொள்வது நல்லது.

20 சென்டிமீட்டர் சதுரத் தட்டு ஒன்றுக்கு 250 கிராம் ஓட்ஸ், 125 கிராம் வெண்ணெய், 100 கிராம் நாட்டுச் சர்க்கரை, 3 மேசைக்கரண்டி தேன், 150 கிராம் உலர்பழம் ஆகியவை போதும். அங்கே தேனுக்குப் பதிலாக கோல்டன் சிரப் என்ற பொன்னிறச் சர்க்கரைப் பாகை ஊற்றுவார்கள். அதன் வேலையைத் தேன் குறைவின்றிச் செய்துவிடும். கடையில் வாங்கும் வெண்ணெய் பெரும்பாலும் உப்பு போட்டதாக இருக்கும்; உப்பில்லாத வெண்ணெய் என்றால் மட்டும் ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். வெண்ணெய்க்குப் பதில் நெய் ஊற்ற விரும்பினால் 100 கிராம் போதும், ஏனெனில் வெண்ணெயில் ஏறத்தாழ 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர்.

அடுப்பை 160 டிகிரி செல்சியஸில் வைத்து 10 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெய், சர்க்கரை, தேன் மூன்றையும் போட்டுச் சிறு தீயில் உருக்கி, கொதி வரும் முன்பே இறக்கிவிடுங்கள். அதில் ஓட்ஸையும் பழத்தையும் கொட்டி, எல்லா இடத்திலும் பாகு படும்படி கிளறி, காகிதம் விரித்த தட்டில் பரப்பி அழுத்துங்கள். பட்டர் பேப்பர் என்று விற்கப்படுவதில் சில வகைகள் வில்லையோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். பேக்கிங் பேப்பர் என்று கேட்டு வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. தட்டை நடு அடுக்கில் வைத்து, மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் சூடேறும்படி 25 முதல் 30 நிமிடம் சுட வேண்டும். ஓரம் பொன்னிறமாகி, நடுப்பகுதி விரல் பட்டால் இன்னும் சற்று மெத்தென்று இருக்கும்போதே வெளியே எடுத்துவிடுங்கள். வேகவில்லையோ என்று சந்தேகப்பட்டு மீண்டும் உள்ளே தள்ளாதீர்கள். ஆறும்போதுதான் அது இறுகும்.

கேள்வி: இருமுறை முயன்றேன். முதல் முறை கத்தி வைத்தவுடன் புட்டுபோல் உதிர்ந்துவிட்டது. இரண்டாம் முறை, உதிரக் கூடாது என்று பாகை நன்றாகக் காய்ச்சி ஊற்றினேன். கடலை மிட்டாயைவிடக் கடினமாகிவிட்டது. எங்கே தவறு?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் இரண்டாவது தவறை நானும் செய்திருக்கிறேன். கடலை மிட்டாய்க்குப் பாகு வைத்துப் பழகிய கை, அடுப்பில் சர்க்கரை உருகுவதைக் கண்டால் தானாகவே பதம் பார்க்கப் போய்விடும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது உருண்டு, எடுத்துத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்கும்வரை காய்ச்சினேன். அன்று சுட்ட வில்லைகளைக் குழவியால் உடைத்துத்தான் சாப்பிட முடிந்தது. பாகு கொதிக்கக் கொதிக்க அதிலுள்ள நீர் குறைந்து, ஆறியதும் கண்ணாடிபோல் இறுகும். கடலை மிட்டாய்க்கு அந்த இறுக்கம் வேண்டும். இங்கேயோ பாகு அடுப்புக்குள் போய் இன்னும் அரை மணி நேரம் சூடு வாங்கப் போகிறது. ஆகவே கம்பிப் பதம்கூட வேண்டாம். சர்க்கரை கரைந்து வெண்ணெயோடு கலந்தால் போதும்.

முதல் முறை உதிர்ந்ததற்குக் காரணம் வேறு. சூட்டோடு வெட்டியிருப்பீர்கள், அல்லது தட்டில் போதிய அளவு அழுத்தியிருக்க மாட்டீர்கள். ஓட்ஸில் மூன்றில் ஒரு பங்கை மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டுக் குருணையாக்கிச் சேர்த்தால், அது முழு அவல்களுக்கு இடையே உள்ள சந்துகளை நிரப்பிப் பிடித்துக்கொள்ளும். அழுத்துவதற்கு அடி தட்டையான டம்ளரைவிடச் சிறந்த கருவி இல்லை. அடியில் சிறிது நெய் தடவி, முதலில் நான்கு மூலைகளையும் பிறகு ஓரங்களையும் கடைசியாக நடுவையும் அழுத்தி வாருங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் கலவை மூலைக்கு நகர்ந்து மேடு தட்டிவிடும். வெளியே எடுத்த 10 நிமிடத்தில், மைசூர்பாகுக்குப் போடுவதுபோல் கத்தியால் கோடு மட்டும் போட்டு விடுங்கள். முழுவதும் ஆறிய பிறகு, 2 மணி நேரமானாலும் பொறுத்திருந்து, அதே கோட்டில் வெட்டினால் 16 வில்லைகள் விளிம்பு குலையாமல் வரும்.

கேள்வி: காலையில் கஞ்சிக்கு வாங்கும் ஓட்ஸையே பயன்படுத்தலாமா? தேனுக்குப் பதில் வெல்லம் போடலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உப்பும் மசாலாவும் கலந்த பொட்டலத்தைத் தவிர மற்றவற்றைப் பயன்படுத்தலாம். ரோல்டு ஓட்ஸ் என்பது தானியத்தை ஆவியில் வேகவைத்து உருளைகளுக்கிடையே அவல்போல் நசுக்கியது. கடித்தால் மெல்லும் தன்மை தெரியும். சீக்கிரம் வேகும் வகை அதைவிட மெல்லியது என்பதால் வில்லை மிருதுவாகவும் இறுக்கமாகவும் வரும். நொய்போல் உடைத்த ஸ்டீல் கட் ஓட்ஸ் மட்டும் வேண்டாம். இவ்வளவு குறைந்த ஈரத்தில் அது வேகாமல் பல்லில் கடுக்கென்று அகப்படும்.

நாட்டுச் சர்க்கரைக்குப் பதில் வெல்லத்தைத் துருவிப் போடலாம். ஆனால் தேனை முழுவதும் நீக்கினால், சர்க்கரை ஆறும்போது மீண்டும் படிகமாகி வில்லை பொரபொரத்துப் போகும். தேனிலுள்ள குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் அந்தப் படிகமாதலைத் தடுக்கின்றன. தேன் வேண்டாம் என்றால், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 100 கிராமை வெந்நீரில் ஊறவைத்து விழுதாக அரைத்துச் சேருங்கள். ஒட்டும் தன்மை குறையாது.

உலர்திராட்சையை 10 நிமிடம் வெந்நீரில் போட்டு, வடிகட்டி, துணியில் ஒற்றி எடுத்துச் சேருங்கள். மேலே துருத்திக்கொண்டிருக்கும் பழம் கருகிக் கசக்கும் என்பதால், தட்டில் பரப்பியதும் ஒவ்வொன்றாக உள்ளே அமுக்கிவிடுவது என் வழக்கம். ஆப்ரிகாட்டில் ஆரஞ்சு நிறம் மாறாமல் பளிச்சென்று இருப்பது கந்தக டை ஆக்சைடு இட்டது. அது இடாதது பழுப்பாக இருக்கும், எனக்குப் பிடித்தது அதுதான்.

கேள்வி: சர்க்கரை நோயுள்ள அப்பாவுக்கும், 10 மாதப் பேரனுக்கும் இதைக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பேரனுக்குக் கண்டிப்பாக வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கக்கூடும், அடுப்புச் சூட்டிலும் அவை அழிவதில்லை. முழுத் திராட்சை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு.

அப்பாவின் விஷயத்தில், ஓட்ஸ் என்ற பெயரை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். ஓட்ஸில் உள்ள நார்ச்சத்து நல்லதுதான். ஆனால் மேலே சொன்ன அளவில் செய்த ஒரு வில்லையில் சுமார் 180 கலோரி இருக்கும். உலர்திராட்சையின் எடையில் பாதிக்கும் மேல் சர்க்கரையே. இது ஓர் இனிப்பு. இனிப்புக்கு அவருடைய மருத்துவர் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறாரோ, அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விடுதியில் படிக்கும் மகனுக்குச் செய்து அனுப்பினால் எத்தனை நாள் இருக்கும்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குகளுக்கு நடுவே காகிதம் வைத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். இளஞ்சூட்டோடு மூடிவிடாதீர்கள், மூடியில் வியர்த்த நீர் சொட்டி, பூஞ்சை பிடிக்க அதுவே வழி செய்யும். தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால் மழைக்காலத்தில் வில்லை நொசநொசவென்று ஆகிவிடலாம். வீட்டில் இருக்கும் மிச்சத்தை 150 டிகிரியில் 8 நிமிடம் சூடாக்கி ஆறவிட்டால் பழைய நிலைக்கு வரும். விடுதியில் அந்த வசதி இராது என்பதால், மழை நாளில் அனுப்பும் தட்டை 3 நிமிடம் கூடுதலாகச் சுட்டு எடுங்கள்.