பத்தாவது முடித்தவர் கப்பலில் டெக் வேலைக்குப் போவது எப்படி?

பத்தாவது படித்தவர் வணிகக் கப்பலில் டெக் (மேல்தளம்) வேலைக்குப் போக முடியுமா, ஏஜென்ட் கேட்கும் லட்சங்களைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் கண். இரவில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்பது அதன் சிவப்பு, பச்சை விளக்குகளில்தான் தெரியும். நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு டெக்கில் இடமில்லை. அதனால் பயிற்சிக் கட்டணம் கட்டுமுன், மத்திய அரசின் கப்பல் துறை இயக்ககமான டிஜி ஷிப்பிங் அங்கீகரித்த மருத்துவரிடம் சோதித்துவிடுங்கள்.

அடுத்து, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் 6 மாத ஜிபி ரேட்டிங் (பொதுப்பணி மாலுமி) பயிற்சி. இன்டோஸ் எண் (மாலுமியின் பதிவு எண்), தீயணைப்பு, உயிர்காப்புச் சான்றிதழ்கள், சிடிசி (மாலுமியின் அடையாள, பணிப் பதிவுப் புத்தகம்) எல்லாம் இதையொட்டியே வரும். சேருமுன் ஒன்றைக் கேளுங்கள்: போன பேட்ச்சில் எத்தனை பேர், எந்த நிறுவனத்தில் கப்பலேறினார்கள்? சிடிசி கையில் இருந்தும் முதல் கப்பல் கிடைக்காமல் காத்திருப்பவர்கள் ஏராளம்.

வேலை தேட, மாலுமிகளை வேலைக்கு எடுத்து அனுப்புவதற்கான ஆர்பிஎஸ்எல் உரிமம் உள்ள நிறுவனங்களை மட்டும் அணுகுங்கள். பட்டியல் டிஜி ஷிப்பிங் தளத்தில் உண்டு. வேலைக்காக மாலுமியிடம் கட்டணம் வாங்குவதே சட்டவிரோதம். ஒப்பந்தத்தில் கப்பல் பெயர், கப்பலின் அடையாளமான 7 இலக்க ஐஎம்ஓ எண், சம்பளம் இருக்க வேண்டும். விசிட் விசாவில் போகச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கப்பலேறியதும் பெரும்பாலும் துரு தட்டல், பெயின்ட், கயிறு வேலைதான். விறைத்து நிற்கும் கயிற்றின் நேர்கோட்டில் ஒருபோதும் நிற்காதீர்கள். அறுந்தால் சவுக்குபோலத் திரும்பி வீசும், உயிரையே எடுக்கும்.