மழைத் தரவு ஓட்ட, கட்டளைகளை வரிசையாக எழுதிய ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் போதாதா? வேலைகளைத் தானே வரிசைப்படுத்தி ஓட்டும் ஸ்னேக்மேக் மென்பொருள் எல்லாம் எதற்கு?

நீங்கள் முதுகலை ஆய்வில் இருக்கிறீர்கள், மேற்பார்வையாளர் அவசரப்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் "போதும்" என்றுதான் இருந்தேன்.

2022 மார்ச், இலங்கையில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடு. பேட்டரி செத்த மடிக்கணினி. மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. 1981 முதல் 2021 வரையான சிர்ப்ஸ் (செயற்கைக்கோளையும் மழைமானிகளையும் சேர்த்துக் கணிக்கும்) மழைத் தரவை காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலுள்ள நீரேந்துப் பகுதிக்கு வெட்டி எடுக்கும் வேலை. ஆண்டுக்கு ஒரு கோப்பு. என் ஸ்கிரிப்டில் ஒரு புத்திசாலி வரி: கோப்பு ஏற்கெனவே இருந்தால் தாண்டிப் போ. 1997ஐ எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மறுநாள் ஸ்கிரிப்ட் அந்தப் பாதிக் கோப்பைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டது. இல்லாத நாட்களுக்குப் பூஜ்யம் போட்டதும் நானே. வரைபடத்தில் அந்த ஜூன், ஜூலையில் ஒரு சொட்டு மழை இல்லை. தென்மேற்குப் பருவத்தில், எங்கள் ஊரில்! இரண்டு மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

ஸ்னேக்மேக்கில் எந்தக் கோப்பிலிருந்து எந்தக் கோப்பு வரும் என்று விதி எழுதினால் போதும், வரிசையை அதுவே பிடித்துக்கொள்ளும். ஒரு ஆண்டின் தரவை மாற்றினால் அந்த ஆண்டும் அதை நம்பியிருப்பவையும் மட்டும் மறுபடி ஓடும். கரண்ட் போய் வந்தால் முதலில் 'பூட்டியிருக்கிறது' என்று அடம்பிடிக்கும். திட்டிக்கொண்டே அன்லாக் கொடுத்தேன். அப்புறம் எந்தக் கோப்பு முடியவில்லை என்று பெயர் சொல்லிக் காட்டியது. அன்றைக்குத்தான் அதை நம்பினேன்.

"இதே மாதிரி விதி எழுதும் மேக் என்ற கருவி 1976லிருந்தே இருக்கிறதே" என்று யாராவது வருவார்கள். இருக்கிறது, சரி. ஆனால் அது கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைத்தான் பார்க்கும். கரண்ட் போய்ப் பாதியில் நின்ற கோப்பையும் புதியது என்று நம்பிவிடும். தினமும் ஓடவேண்டிய முன்னறிவிப்பு என்றால் நியூசிலாந்தின் நிவா என்ற நீர், வளிமண்டல ஆய்வு நிறுவனத்தில் பிறந்த சில்க் (Cylc) என்ற கருவி பொருத்தம், அதையும் மறுக்கவில்லை. மழைமானியைப் பார்க்காமலே பூஜ்யம் எழுதியவரை மட்டும் இவற்றில் எதுவும் பிடிக்காது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்த முழு ஓட்டத்தையும் கட்டியது நான். வெளிவந்த அறிக்கையில் ஆசிரியர் பட்டியலில் நான் இல்லை. கடைசிப் பக்கத்தில் நன்றிக்குரிய "தரவு உதவியாளர்". அம்மா கொழுந்து பறித்தவர், சொன்ன கிலோ வராத நாளுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னப்பா, ஒனக்கும் அரைப்பேருதானா?"