குழந்தை பிறந்து ஒரு கிழமை, கொழும்பில் பிளாட்டில் இருக்கிறோம். கணவனாக நான் என்ன செய்ய வேண்டும்?

அம்மாவும் மாமியும் வந்து நிற்கும்போது உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். பால் கொடுப்பதைத் தவிர எல்லாம் உங்கள் வேலைதான். முதலில் இரவைப் பொறுப்பெடுங்கள்.

பச்சைப்பிள்ளை 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை குடிக்கும். அழும்வரை பார்த்திராமல், கையைச் சப்பத் தொடங்கியதுமே தூக்கி மனைவியிடம் கொடுங்கள். குடித்து முடிய வாங்கி, தோளில் சாய்த்து ஏவறை எடுப்பித்து, நப்கின் மாற்றி, மல்லாக்கக் கிடத்துங்கள். அவ கட்டிலை விட்டு இறங்கத் தேவையில்லை. பாவம், நித்திரை கொள்ளட்டும் என்று மாப்பால் கரைத்துவிடாதீர்கள். நேரம் தவறினால் மார்பு கட்டிக்கொண்டு நோகும். அதுவே பழக்கமானால் சுரப்பும் குறையும்.

வருகிறவர்கள் "பால் காணாதுபோல" என்பார்கள். தாயின் மனதை உடைக்க அந்த ஒரு சொல் போதும். நீங்கள் நப்கின்களை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினமும் 6 தடவையாவது சலம் போனால் பெரும்பாலும் பால் போதும். முதல் நாட்களில் நிறை 10 வீதம் வரை குறைவதுண்டு. இரண்டு கிழமையளவில் பிறந்த நிறைக்குத் திரும்ப வேண்டும். கணக்கை எழுதிவைத்து, வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் (மிட்வைஃப்) காட்டுங்கள்.

பத்தியத்துக்குச் சரக்குக்கறி சமைக்கட்டும், நல்லது. தண்ணீரைக் குறைக்க மட்டும் விடாதீர்கள். மலம் இறுகி, தையல் போட்ட இடம் நோகும். இதை உங்கள் அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். மருமகள் சொன்னால் மனத்தாங்கலாகிவிடும்.

சிசேரியன் என்றால் 6 கிழமைக்குப் பிள்ளையைவிடப் பாரமான எதையும் அவ தூக்கக் கூடாது. தண்ணீர் வாளியும் மூத்த பிள்ளையும் அதில் அடக்கம். வருடாந்த லீவை ஆஸ்பத்திரி நாட்களிலேயே முடிக்காமல், அம்மா ஊருக்குத் திரும்பும் கிழமைக்கு மிச்சம் வையுங்கள்.

மூன்றாம், நாலாம் நாளில் தாய் காரணமில்லாமல் அழுவது வழமை. இரண்டு கிழமை கடந்தும் அழுகை ஓயாவிட்டால், பிள்ளை உறங்கியும் அவவுக்கு நித்திரை வராவிட்டால், அது மனச்சோர்வாக இருக்கலாம். "எல்லாரும் பெற்றவர்கள்தானே" என்று சொல்லாமல் டொக்டரிடம் கூட்டிப்போங்கள், மனநல உதவி இலக்கமான 1926க்கும் அழைக்கலாம். அவவுக்கு ஒரு மணித்தியாலத்தில் ஒரு பேட் இரத்தத்தால் முழுதாக நனைந்தால், மூச்சுத் திணறினால், கடும் தலையிடியோடு பார்வை மங்கினால், விடியட்டும் என்று இருக்காமல் உடனே அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள்.